1/35 சிப்பாயின் போஸை மாற்றுவதும் முகத்துக்கு வண்ணம் பூசுவதும்

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். 1/35 ஸ்கேலில், அதாவது நிஜ அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, ஒரு பிளாஸ்டிக் சிப்பாய்த் தொகுப்பு கையில் இருக்கிறது. எல்லோரும் பெட்டிப் படத்தில் உள்ளபடியே விறைத்து நிற்கிறார்கள். கையை வெட்டி வேறு கோணத்தில் ஒட்டியாயிற்று, தலையைத் திருப்பி வைத்தாயிற்று, அப்போதும் ஆள் பொம்மையாகவே தெரிகிறான். வண்ணம் பூசினால் கண் விழித்துக்கொண்டு முகம் மிரண்டது போல ஆகிவிடுகிறது. எதில் தொடங்குவது, என்னென்ன வாங்குவது?

வாங்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். சிக்கல் கருவியில் இல்லை. ஒரு உருவம் ஆளாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் பெரும்பாலும் ஒரே விஷயத்தில் முடிவாகிவிடுகிறது: அவன் உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்பதில். அதை முதலிலேயே தீர்மானித்துவிட்டால் எங்கே வெட்டுவது, துணி எங்கே இழுபடும், எங்கே தொங்கும், நிழல் எங்கே விழும் என்று மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். தீர்மானிக்காமல் கையையும் தலையையும் மட்டும் மாற்றினால் எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் செய்தாலும் ஏதோ ஒன்று இடிக்கும்.

எழுந்து நின்று பாருங்கள். எடையை வலது காலுக்கு மாற்றியதும் வலது இடுப்பு மேலே ஏறுகிறது, இடது இடுப்பு இறங்குகிறது, இடது முழங்கால் தானாகத் தளர்கிறது. உடம்பு சாய்ந்துவிடாமல் இருக்க முதுகு வளைந்து வலது தோள் இறங்கி இடது தோள் ஏறுகிறது. ஆக, இடுப்புக் கோடும் தோள்கோடும் எதிரெதிராகச் சரிகின்றன. கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டால், அது எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே வந்து நிற்கும். பெட்டியில் வரும் சிப்பாய்களில் பலருக்கு இந்த இரண்டு கோடுகளும் இணையாகவே இருக்கும். அச்சில் வார்த்து எடுக்க அதுதான் வசதி. நீங்கள் கையை மாற்றியும் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். கைக்குக் கீழே இருந்த உடம்பு மாறவே இல்லை.

அதனால் கத்தியை எடுக்கும் முன் ஒரு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். துப்பாக்கிக்குப் பதில் ஒரு நீளமான கம்பு போதும். நீங்கள் விரும்பும் போஸில் நின்று முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களை உருவத்தின் அளவுக்கே சிறிதாக்கி அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 175 செ.மீ. உயரமுள்ள ஆள் 1/35ல் சரியாக 50 மி.மீ. வளர்ந்த மனிதனின் உயரம் அவன் தலையைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு, அதனால் தலை 6.5 மி.மீ. சுற்றி வரும். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்பு மட்டத்தில், மணிக்கட்டு தொடை தொடங்கும் இடத்தில், விரல் நுனி தொடையின் நடுவில். விரித்த உள்ளங்கை விரல்களோடு சேர்த்து முகத்தின் அளவு, அதாவது தாடையிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை. கையை வெட்டி மறுபடி ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் தேய்ந்து போவது சகஜம். 1/35ல் அரை மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் பதினேழரை மில்லிமீட்டர். முழங்கையிலும் தோளிலும் இரண்டு தடவை அப்படிப் போனால் ஒரு கை குட்டையாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் உடனே பிடித்துவிடும்.

ஸ்கேலைப் பற்றி ஒரு வார்த்தை. 1/35 என்ற விநோதமான அளவு எந்தக் கணக்கிலும் வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா ஒரு பாந்தர் டாங்கி கிட்டை வெளியிட்டபோது உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டியிருந்தது. அப்படி அமைந்த அளவு பிறகு நிலைத்துவிட்டது. உருவங்களில் பரவலான இன்னொரு அளவான 54 மி.மீ. அதற்கும் பழையது. வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893ல் உள்ளே கூடாக ஈயத்தில் வார்க்கத் தொடங்கிய பொம்மைச் சிப்பாய்கள் வழியாக வந்த அளவு அது. மாற்றிச் செய்து பழக 1/35 மிக நல்ல தேர்வு. பிளாஸ்டிக் வெட்ட எளிது, ஒரு பெட்டியில் மிஞ்சும் கை, தலை, பை எல்லாம் இன்னொன்றுக்கு ஆகும். 1/72ல் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. சின்னது என்பதால் எளிதாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் 24 மி.மீ. உயரத்தில் இடுப்பைச் சரிப்பதும் கண் வரைவதும் தேர்ந்த கைக்கே வேலை வைக்கும். பெயிண்டிங் மட்டும் கற்க வேண்டுமானால் 1/16 அல்லது மார்பளவுச் சிலை இன்னும் நல்லது.

சரி, ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். கையில் இருப்பவன் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்து வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அரைக்கால் சட்டை, தட்டையான இரும்புத் தொப்பி, துப்பாக்கியை இடுப்பருகே பிடித்து முன்னேறுகிறான். இவனை 4வது இந்திய டிவிஷனின் சீக்கிய வீரனாக மாற்றுவோம். இந்த டிவிஷன் 1940 டிசம்பரில் சிடி பர்ரானியிலும், 1941ல் எரித்ரியாவின் கெரனிலும், பிறகு எல் அலமெய்னிலும், 1944ல் இத்தாலியின் காசினோவிலும் போரிட்டது. சிவப்புக் கழுகு அதன் அடையாளம். பெட்டியில் உள்ள உடை பெரும்பாலும் பொருந்தும் என்பதால் இது நல்ல முதல் வேலை. மாற வேண்டியவை தலையும் போஸும்தான். அவன் நடக்க வேண்டாம். துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி, வலது காலில் எடை போட்டு, தூரத்தில் எதையோ பார்த்தபடி நிற்கட்டும்.

முதல் வெட்டு கையில் அல்ல, இடுப்பில். பெல்ட்டின் கீழ் விளிம்போடு மெல்லிய ரம்பத்தால் அறுத்து உடம்பை இரண்டாக்குங்கள். வெட்டும் இடம் எப்போதும் உடையின் ஒரு இயல்பான எல்லையாக இருக்கட்டும்: பெல்ட், காலர், சட்டைக் கை முடியும் இடம், அரைக்கால் சட்டையின் விளிம்பு, காலுறையின் மடிப்பு. அங்கே ஒட்டு விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. இப்போது இடுப்பு சரிய வேண்டும். 1/35ல் இடுப்பின் அகலம் ஏறக்குறைய 9 அல்லது 10 மி.மீ. கால்களோடு உள்ள கீழ்த் துண்டின் மேல்பரப்பை இடது பக்கம் 1 மி.மீ. குறையும்படி, வலது பக்கம் ஒன்றும் குறையாமல், ஆப்பு வடிவில் தேய்த்தால் சுமார் 6 டிகிரி சரிவு கிடைக்கும். நிற்கிற மனிதனுக்கு அது தாராளமாகப் போதும். மேல் துண்டின் அடியிலும் கொஞ்சம் தேய்த்து, தோள்கோடு எதிர்ப்பக்கம் சரியும்படி பொருத்துங்கள். இடையில் சந்து விழுந்தால் விழட்டும், புட்டி அதற்குத்தான் இருக்கிறது.

அப்புறம் கால்கள். அரைக்கால் சட்டையின் விளிம்பில் கால்களை வெட்டி, துளையிட்டு, உள்ளே கம்பி செருகுங்கள். 0.5 மி.மீ. துளை, அதற்கேற்ற பித்தளை அல்லது செம்புக் கம்பி. ஒட்டுவதற்கு முன் கம்பியிலேயே நிறுத்திப் பார்ப்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி. கம்பியைக் கொஞ்சம் வளைத்தால் கால் நகரும், பிடிக்காவிட்டால் மறுபடி வளைக்கலாம். கால், இடுப்பு, தோள், தலை எல்லாவற்றையும் இப்படிக் கம்பியில் கோத்து ஒரு பலகையில் நிற்க வைத்து, கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். குண்டு நூல் சோதனையையும் செய்யுங்கள். பிடித்த பிறகு ஒட்டுங்கள். பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமெண்ட், ரெசினுக்கும் உலோகத்துக்கும் சூப்பர் க்ளூ.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் செய்த உருவங்களில் அதிகம் கெடுவது கைப்பிடிதான். விரல்களுக்கும் துப்பாக்கிக்கும் இடையே காற்று தெரிந்தால் அவன் அதைப் பிடிக்கவில்லை, அது அவன் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளங்கைப் பள்ளத்தைச் சின்ன டிரில்லால் ஆழப்படுத்தி, துப்பாக்கி உண்மையிலேயே உள்ளே உட்காரும்படி செய்யுங்கள். கட்டைவிரல் சரிவராவிட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புட்டியில் புதிதாக வையுங்கள். துப்பாக்கியைத் தரையில் ஊன்றியவன் அதன் மேல் கொஞ்சம் சாய்கிறான் என்றால் அந்தத் தோள் சற்று உயரும். அதையும் கம்பி நிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைக்குச் செலவு செய்யலாம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தலைகளில் கண்ணிமையும் கன்னமும் பல சமயம் மழுங்கியிருக்கும். ஹார்னெட் போன்ற நிறுவனங்களின் ரெசின் தலைகளில் முகபாவம் கூர்மையாகக் கிடைக்கும். முழு உருவத்தையும் மாற்றாமல் தலையை மட்டும் மாற்றினாலே பாதி வித்தியாசம் வந்துவிடும். தலையை வைக்கும்போது திருப்பினால் மட்டும் போதாது, கொஞ்சம் சாய்க்கவும் வேண்டும். ஒருவன் பக்கவாட்டில் பார்க்கும்போது தாடை சற்று ஏறும் அல்லது இறங்கும், கழுத்தின் ஒரு பக்கத் தசை புடைக்கும். நேராகத் திருகி வைத்த தலை போல்ட் முறுக்கிய மாதிரி இருக்கும்.

இனி புட்டி. இரண்டு வகை போதும். மில்லிபுட் இறுகினால் கல் மாதிரி, அதனால் தேய்க்கலாம், அரம் போடலாம், இறுகுவதற்கு முன் ஈர விரலால் வழவழப்பாக்கலாம். கிரீன் ஸ்டஃப் ரப்பர் தன்மை உள்ளது. கூர்மையான மடிப்பையும் மெல்லிய விளிம்பையும் தாங்கும், ஆனால் இறுகிய பிறகு தேய்த்தால் பிசிறடிக்கும். இரண்டையும் சரிபாதி கலந்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும், துணி செய்ய நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கலக்கும்போது நிறம் முழுதும் ஒன்றாகும் வரை விடாமல் பிசையுங்கள், கோடு கோடாக விட்டால் சில இடம் இறுகாது. இவை இரண்டும் எபாக்சி புட்டிகள், இறுகாத எபாக்சி தோலுக்கு ஒவ்வாமை தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து முகமூடியும் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோகச் சிப்பாய்களில் ஈயம் இருக்கும், கைகழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

தலைப்பாகையை ஒரே மூச்சில் செய்ய முயல வேண்டாம். தலையின் தொப்பியை அறுத்து நீக்கி, மண்டை வடிவை விட்டுவையுங்கள். முதல் நாள், தலைப்பாகையின் மொத்த வடிவத்துக்கு ஒரு உள்கரு மட்டும்: பின்னால் சற்று உயர்ந்து, காதின் மேல்பாதியை மூடி, நெற்றியில் இறங்கி வரும்படி. அதை முழுதாக இறுக விடுங்கள். மறுநாள் புட்டியை டால்கம் பவுடர் தூவிய கண்ணாடி மேல் காகிதம் போல உருட்டித் தட்டையாக்கி, அரை மணிநேரம் போல விட்டு, கொஞ்சம் விறைப்பு வந்ததும் ஒன்றரை மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று என்று மாறி மாறிச் சரிவாக வைத்துக்கொண்டு வாருங்கள். நெற்றியின் நடுவில் அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒரு கூம்பு வடிவம் அமையும். ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பையும் ஈரமான ஊசியால் உள்ளே அழுத்தி மறையுங்கள், கீழ் விளிம்பு மட்டும் தெரிய வேண்டும். பட்டைகள் இயந்திரத்தில் வெட்டியது போல ஒரே இடைவெளியில் அமைந்தால் இயல்பாக இருக்காது. இரண்டு நெருங்கட்டும், ஒன்று விலகட்டும். தாடிக்கு மெல்லிய ஒரு படலம் போதும். கட்டி ஒதுக்கிய தாடி என்பதால் முகத்தோடு ஒட்டியே இருக்கும், தொங்காது. வலது மணிக்கட்டில் கடா, அதாவது சீக்கியர்கள் அணியும் இரும்பு வளையம், வேண்டும். மெல்லிய செம்புக் கம்பியை ஒரு டிரில் தண்டில் ஒரு சுற்று சுற்றி வெட்டினால் வளையம் தயார்.

சட்டையின் மடிப்புக்கும் எடைதான் வழிகாட்டி. துணி உடம்பின் மேடான இடத்திலிருந்து தொங்குகிறது அல்லது மடங்கிய இடத்தில் நசுங்குகிறது. தோளிலிருந்து தொங்கும், அக்குளில் நசுங்கும், முழங்கையின் உள்பக்கம் நசுங்கி வெளிப்பக்கம் இழுபடும், பெல்ட்டுக்கு மேல் பைபோலப் பிதுங்கும். நம் ஆளின் வலது இடுப்பு மேலே ஏறியிருக்கிறது, வலது தோள் இறங்கியிருக்கிறது. ஆகவே சட்டையின் வலது விலாப் பக்கம் குறுகி நிறைய மடிப்பு விழும், இடது பக்கம் நீண்டு இழுபட்டு கிட்டத்தட்ட மடிப்பே இருக்காது. பெட்டியிலிருந்து வந்த பழைய மடிப்புகள் நடக்கிறவனுக்கு உரியவை. அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடாவிட்டால் போஸ் ஒன்றும் துணி ஒன்றும் சொல்லும். பலர் இங்கேதான் சோம்பல்படுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் பட வேண்டாம்.

வார்களுக்குப் பிளாஸ்டிக்கில் வார்த்ததை விட மெல்லிய உலோகத் தகடு நன்றாக விழும். 1937 மாதிரி வெப்பிங்கில் (தடித்த பருத்திப் பட்டையால் ஆன பெல்ட், வார், பை) பெல்ட்டின் அகலம் இரண்டேகால் அங்குலம், 1/35ல் 1.6 மி.மீ. இப்படி ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்து வெட்டுங்கள். துப்பாக்கி வார் காற்றில் விறைத்து நிற்காமல் தன் எடையில் தொங்க வேண்டும்.

ஆதாரம் தேடும்போது ஒரே ஒரு ஓவியத்தை நம்பிச் செய்யாதீர்கள். அதே வருடம், அதே களம் என்று புகைப்படங்களைச் சேருங்கள். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் தொகுப்பில் வட ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியப் படைகளின் படங்கள் இருக்கின்றன. வருடம் மிக முக்கியம். ஜெர்மன் வீரனை எடுத்துக்கொண்டால் 1935 மாதிரி ஹெல்மெட்டின் விளிம்பு உள்ளே மடிக்கப்பட்டிருக்கும், 1942 மாதிரியில் மடிக்காமல் வெளியே விரிந்திருக்கும். 1940 பிரான்ஸ் காட்சியில் இரண்டாவது வகை இருந்தால் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிப்பதிலும் கவனம் வேண்டும். சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு ஏறக்குறையக் கருப்பாகவும் நீலம் வெளிறியும் விழும்.

எல்லாம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷால் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கும் உங்கள் விரல் பிசுக்கும் போக வேண்டும். சாம்பல் நிற ப்ரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடியுங்கள். பிளாஸ்டிக், புட்டி, உலோகம் எல்லாம் ஒரே நிறமானதும் ஒட்டுகளும் குழிகளும் தானாகத் தெரியும். திருத்துங்கள், மறுபடி அடியுங்கள். அப்புறம் ஒரு வேலை: உருவம் முழுதும் கருப்பு ப்ரைமர், காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. மேல்நோக்கிய பரப்பெல்லாம் வெளுத்து, கீழ்நோக்கியவை கருத்து நிற்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எங்கே ஹைலைட், எங்கே நிழல் என்று யோசிக்க வேண்டியதில்லை, படத்தில் இருக்கிறது.

இவ்வளவு சின்ன உருவத்தில் மேலே விழும் நிஜ வெளிச்சம் போதுமான நிழல் தராது. 50 மி.மீ. ஆளின் அக்குளில் விழும் நிழல் நிஜ மனிதனுடையது போல அடர்த்தியாகத் தெரியாது. அதனால்தான் நாம் நிழலையும் வெளிச்சத்தையும் வரைய வேண்டியிருக்கிறது. இதே காரணத்தால் சுத்தக் கருப்பும் சுத்த வெள்ளையும் வேண்டாம். கருப்பு பூட்ஸுக்கு அடர் சாம்பல் கலந்த பழுப்பு, வெள்ளைக்கு மங்கிய தந்த நிறம். வெள்ளையைக் கடைசி ஹைலைட்டுக்கு மட்டும் சேமித்து வையுங்கள்.

உடைக்கு ஆக்ரிலிக். டப்பாவிலிருந்து எடுத்ததை அப்படியே பூசாதீர்கள். தண்ணீர் கலந்து பால் போலாக்கி, பிரஷை ஒரு டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். ஒரு படலம் கீழே உள்ளதை மறைக்கக் கூடாது, சாயம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதை விடச் சிறிய பரப்பில் முடியட்டும். காக்கிக்கு ஹைலைட் கொடுக்க வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகும். மணல் நிறமோ க்ரீமோ கலவுங்கள். நிழலுக்குக் கருப்பு வேண்டாம், அடர் பழுப்பில் ஒரு துளி ஊதா போதும். சட்டையும் கால்சட்டையும் ஒரே காக்கியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு நாளில் வாங்கி, வேறு வேறு அளவில் வெளுத்தவை. வெப்பிங் இன்னும் வேறு, அதைக் கொஞ்சம் வெளிறச் செய்தால் உருவம் பிரிந்து தெரியும்.

துணி எந்த வகை என்பதைச் சொல்வது நிறம் அல்ல, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான விளிம்பு. காக்கி ட்ரில் போன்ற பருத்தியில் மடிப்பின் விளிம்பு கூர்மை, நிழல் சட்டென்று முடியும். கம்பளியில் மாற்றம் மெதுவாக நடக்கும், ஹைலைட் மங்கலாக இருக்கும். தோலில் பெரும்பகுதி இருட்டாக இருந்து சின்னப் புள்ளிகளில் பளிச்சிடும். மூன்றையும் இப்படிப் பிரித்துக் காட்டிவிட்டால் ஒரே பழுப்பு நிறத்தில்கூட மூன்று பொருளும் தெரியும். சிவப்பு உடைகளுக்குப் பொதுவாக ஒன்று: வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும், ஆரஞ்சோ தோல் நிறமோ கலந்து ஏற்றுங்கள். துப்பாக்கி இரும்புக்கு வெள்ளிப் பெயிண்ட் வேண்டாம். அடர் சாம்பல் பூசி, விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்தால் உலோகம் வந்துவிடும்.

இப்போது முகம். முகத்துக்கு ஆக்ரிலிக் அடித்தளத்தின் மேல் ஆயில் பெயிண்ட் என்பது என் உறுதியான விருப்பம். ஆக்ரிலிக்கிலேயே முடிப்பவர்கள் அற்புதமாகச் செய்கிறார்கள், ஆனால் கற்றுக்கொள்பவருக்கு ஆயில் நேரம் கொடுக்கிறது. இரண்டு நிறங்களின் எல்லையை உலர்ந்த பிரஷால் தட்டித் தட்டி ஒன்றாக்கலாம், பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். குழாயிலிருந்து எடுத்த ஆயிலை ஒரு அட்டைத் துண்டில் கொஞ்ச நேரம் வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்த பின் பளபளக்காது. எரிந்த சியன்னா, எரிந்த அம்பர், மஞ்சள் ஓக்கர், டைட்டானியம் வெள்ளை, ஒரு கருஞ்சிவப்பு: ஐந்து குழாயில் எந்த நாட்டு முகத்தையும் செய்யலாம். அம்பர் சீக்கிரம் உலரும், வெள்ளை அதிகம் கலந்த இடம் பல நாள் எடுக்கும். தூசி படாமல் மூடி வையுங்கள்.

நம் வீரனின் தோலுக்கு அடித்தளம் சிவப்பும் ஓக்கரும் கலந்த நடுத்தரப் பழுப்பு. வெளிச்சத்துக்கு வெள்ளையை நேராகக் கலந்தால் மாநிறம் சாம்பல் பூத்துவிடும். ஓக்கரில் முதலில் ஏற்றி, கடைசிப் புள்ளிக்கு மட்டும் வெள்ளையைத் தொடுங்கள்: மூக்கின் முதுகு, கன்ன மேடு, புருவ எலும்பு, கீழுதட்டின் நடு. நிழல் கண்குழி, மூக்கின் பக்கம், கன்னத்துக்குக் கீழே, தலைப்பாகையின் விளிம்புக்கு நேர் கீழே. மூக்கு நுனி, காது மடல், கீழுதடு ஆகியவற்றில் கொஞ்சம் சிவப்பு கூடட்டும், ரத்தம் ஓடும் தோல் அங்கேதான் தெரியும். தாடி சுத்தக் கருப்பு அல்ல, கருமையான பழுப்புச் சாம்பல். தாடியும் கன்னமும் சேரும் எல்லையை மட்டும் மங்கலாக்கிவிடுங்கள். கத்தியால் வெட்டிய கோடாக நின்றால் ஒட்டுத் தாடி போல இருக்கும்.

கண் விழிப்பது ஏன் தெரியுமா? வெள்ளை அதிகம், அதுதான். நிஜக் கண்ணின் அகலம் 3 செ.மீ. சுற்றி. 1/35ல் 0.9 மி.மீ.கூட இல்லை. அதில் பளீர் வெள்ளை வைத்து நடுவில் கருப்புப் புள்ளி வைத்தால் சுற்றிலும் வெள்ளை தெரியும். மனிதன் மிரளும்போதுதான் அப்படித் தெரியும். செய்முறை இது: கண்குழியை முதலில் அடர் பழுப்பால் நிரப்புங்கள். அதன் மேல் மங்கிய சாம்பல் கலந்த தோல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, ஓரங்களில் பழுப்பு மிஞ்சும்படி. கருவிழியைப் புள்ளியாக வைக்காமல் மேலிமையிலிருந்து கீழே இறங்கும் சின்னச் செங்குத்துக் கோடாகப் போடுங்கள், மேலிமை அதன் தலையை மறைக்க வேண்டும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம், சற்று ஓரமாகப் பார்க்கட்டும். நேர்ப்பார்வையை விட அதைச் சமன் செய்வது எளிது, தலை திரும்பிய திசைக்கும் பொருந்தும். கடைசியில் மேலிமைக்கு ஒரு அடர் கோடு. கீழிமைக்குக் கருப்பு வேண்டவே வேண்டாம். பாலைவன வெயிலில் நிற்பவனுக்கு இன்னும் நேர்மையான வழி உண்டு: வெள்ளையே வைக்காமல், சுருங்கிய கண்ணை ஒரே அடர் கோட்டில் முடித்துவிடுவது. 1/35ல் அது பல சமயம் முழுக் கண்ணை விட நன்றாக இருக்கும்.

எல்லாம் காய்ந்ததும் மேட் வார்னிஷ், பிறகு தூசி. பிக்மென்ட் பொடியை உடம்பெல்லாம் தூவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை, இவ்வளவு உழைத்துப் பூசிய நிழலையெல்லாம் அது விழுங்கிவிடும். தூசி தரையைத் தொட்ட இடத்தில்தான் சேரும்: பூட்ஸ், முழங்கால், முழங்கை, உட்காரும் இடம், துப்பாக்கியின் அடிக்கட்டை. உருவம் நிற்கப்போகும் அடித்தளத்தில் உள்ள மண்ணின் அதே பொடியைப் பயன்படுத்துங்கள். உருவத்தை அடித்தளத்தில் வைக்கும்போது பூட்ஸுக்கு அடியில் கம்பி செருகி நிறுத்துங்கள். எடை தாங்கும் வலது பூட்ஸ் மண்ணில் கொஞ்சம் அமிழ்ந்திருக்க வேண்டும். தளர்ந்த இடது காலின் குதிகால் லேசாக எழும்பியிருந்தாலும் சரிதான். பூட்ஸின் அடியில் வெளிச்சம் நுழையும் சந்து தெரிந்தால் மண்ணையோ புட்டியையோ வைத்து அடையுங்கள்.

வாங்க வேண்டியவை என்று பார்த்தால் மெல்லிய ரம்பம், பிளேடு மாற்றும் கத்தி, பின் வைஸும் (கையால் சுற்றித் துளையிடும் சின்ன டிரில் பிடி) 0.5, 0.8 மி.மீ. டிரில்களும், கொஞ்சம் பித்தளைக் கம்பி, இரண்டு புட்டிகள், இரண்டு வகைப் பசை, சாம்பல், கருப்பு, வெள்ளை ப்ரைமர் கேன்கள். புட்டிக் கருவிகளுக்குச் செலவு வேண்டாம், பல்குச்சியும் தையல் ஊசியும் போதும். புட்டியை வடிவமைக்கும் சிலிக்கான் நுனிக் கருவி (ஷேப்பர்) ஒன்று பிறகு வாங்கிக்கொள்ளலாம். பெயிண்டில் பெரிய செட் வாங்காமல் இந்த ஒரு உருவத்துக்குத் தேவையான ஏழெட்டு ஆக்ரிலிக் நிறங்களும் மேலே சொன்ன ஐந்து ஆயில் குழாய்களும் வாங்குங்கள். கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்ய வேண்டியது பிரஷுக்கு. கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷில் 1ம் எண்ணும் 0வும் போதும், வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 போன்றவை பல வருடம் உழைக்கும். கண் வரைய 000 வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அதில் பெயிண்ட் நிற்காது, முகத்தைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடும். கூர் சரியாக உள்ள 1ம் எண் பிரஷ் 000ஐ விட மெல்லிய கோடு போடும், ஒரு கோடு முடியும் வரை ஈரமாகவும் இருக்கும். ஆயிலுக்குத் தனியாக மலிவான பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பிரஷ் இப்போது தேவையில்லை, மேலிருந்து வெள்ளை அடிக்க ப்ரைமர் கேனே போதும். ஒரு முழங்கை தூரத்திலிருந்து விட்டுவிட்டு அடித்தால் சரியாக வரும்.